நம்ம வீட்டுக் குழு: கயலின் பிகோ

*[இரவு 7:42] கயல்:* மாமா, நீங்கள் வாங்கித் தந்த ராஸ்பெர்ரி பை பிகோவை, அதுதான் புரோகிராம் எழுதி ஓட்டும் அந்தக் குட்டி போர்டை, லேப்டாப்பில் செருகினேன். விளக்குகூட எரியவில்லை. போர்டு போய்விட்டதா?

*[7:45] முரளி மாமா:* போயிருக்காது கண்ணு. மின்சாரம் வந்துவிட்டது என்று காட்டும் விளக்கே பிகோவில் கிடையாது. யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிப் பச்சை எல்இடி நாம் புரோகிராம் எழுதினால்தான் எரியும்.

*[7:46] முரளி மாமா:* பூட்செல் என்று எழுதிய வெள்ளைப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகு, அப்புறம் விரலை எடு. பென்டிரைவ் போட்ட மாதிரி ஒரு டிரைவ் வரும்.

*[7:53] கயல்:* மூன்று தடவை செய்தேன் மாமா. வரவில்லை.

*[7:53] முரளி மாமா:* எந்தக் கேபிள்?

*[7:54] அப்பா:* ஸ்பீக்கரோடு வந்த கேபிளைக் கொடுத்தேன் மச்சான். சார்ஜ் நன்றாக ஏறும்.

*[7:57] முரளி மாமா:* அதுதான் விஷயம் மாப்பிள்ளை. யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பி உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜுக்கென்றே செய்த கேபிளில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2021-ல் என் முதல் பிகோவை வாங்கி இரண்டு நாள் இதிலேயே மாட்டிக்கொண்டேன். நல்ல போர்டைக் கெட்டுப்போனது என்று ஓரம் வைத்துவிடக் கூடாது.

*[7:59] பெரியம்மா:* என் பழைய போனிலிருந்து போட்டோ எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏற்றினோமே, அந்தக் கேபிள் உங்கள் டிவி டிராயரில்தான் கிடக்கிறது.

*[8:00] முரளி மாமா:* அதே போதும் அக்கா. போட்டோ போனதென்றால் தகவல் கம்பி இருக்கிறது.

*[8:09] கயல்:* வந்துவிட்டது!!! ஆர்பிஐ-ஆர்பி2 என்று ஒரு டிரைவ்!

*[8:12] முரளி மாமா:* பிகோவில் பைத்தான் மொழியை ஓட்டும் மைக்ரோபைத்தானின் யூஎஃப்2 கோப்பை அதற்குள் இழுத்துப் போடு. போட்டதும் டிரைவ் தானாக மறையும், பயப்படாதே, அப்படித்தான் நடக்க வேண்டும். வைஃபை உள்ள பிகோ டபிள்யூவுக்கான கோப்பை எடுத்துவிடாதே, உன்னுடையது சாதா பிகோ. அப்புறம் புரோகிராம் எழுத தானி மென்பொருளைத் திற. கீழே வலது மூலையில் பிகோவைத் தேர்ந்தெடு. புரோகிராமில் எல்இடியை 25-ஆம் எண் என்று குறிப்பிடு.

*[8:36] கயல்:* 🎥 வீடியோ
எரிகிறது மாமா! அரை நொடி எரிந்து அரை நொடி அணைகிறது!

*[8:37] பெரியம்மா:* கடுகளவு இருந்துகொண்டு என்னமா மின்னுகிறது! நல்லா இரு கயல் ❤️

*[8:44] கயல்:* பவர் பேங்கில் போட்டால் மட்டும் எரியவில்லையே?

*[8:46] முரளி மாமா:* புரோகிராமை லேப்டாப்பில் சேமித்திருப்பாய். பிகோவுக்குள்ளேயே சேமி. கோப்பின் பெயர் மெயின் டாட் பிஒய் (main.py) என்று இருக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் பிகோ அந்தப் பெயரைத்தான் தேடி ஓட்டும்.

*[8:51] கயல்:* சரியாகிவிட்டது 🙏

*[8:55] அப்பா:* மச்சான், மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் எவ்வளவு என்று கீழேயே தெரிகிற மாதிரி செய்ய முடியுமா? கயல் அம்மா தினமும் முழங்கால் வலியோடு ஏறிப் பார்க்கிறாள்.

*[9:02] முரளி மாமா:* தாராளமாக. ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் சென்சார் போதும், டேங்க்குக்குத் தண்ணீர் புகாத வகையாக வாங்கலாம். ஆனால் கயல், இதைக் கவனமாகப் படி. அந்தச் சென்சார் 5 வோல்ட்டில் ஓடினால் அளவைத் திருப்பித் தரும் எக்கோ என்ற காலிலிருந்து (பின்) 5 வோல்ட் வரும். பிகோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. நேராக மாட்டினால் சிப் போய்விடலாம். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கம்) 2 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டும் சேருகிற இடத்திலிருந்து பிகோவுக்கு. 5 வோல்ட் 3.3 ஆகக் குறைந்துவிடும்.

*[9:04] கயல்:* என்னிடம் 1 கிலோ ஓம் மட்டும்தான் இருக்கிறது.

*[9:05] முரளி மாமா:* இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் 2 கிலோ ஓம். மொத்தம் மூன்று எடுத்து வை. பிகோவுக்கு இன்னும் பின் வைத்துச் சால்டர் செய்யவில்லை அல்லவா, ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் அயர்ன் கொண்டு வருகிறேன்.

*[9:06] கயல்:* சால்டரிங் நான்தான் செய்வேன் மாமா!

*[9:06] அம்மா:* ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மதியச் சாப்பாடு இங்கேதான் தம்பி.