ஓபிஎஸ் (OBS, கணினித் திரையை வீடியோவாகப் பதியும் மென்பொருள்) பதிவில் எழுத்து மங்கலாக வருகிறது

கேள்வி:
லிப்ரே ஆபீஸ் கால்க் (எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள்) பாடங்களை ஓபிஎஸ்ஸில் பதிகிறேன். திரை 1920×1080 பிக்சல், வெளியீடு (பதிவாகும் வீடியோ) 1280×720. கட்டங்களில் இருக்கும் எண்களே சரியாகத் தெரியவில்லை. மின்விசிறி இரைச்சல் வேறு. என்ன செய்யலாம்?

பதில் 1:
சுருக்குவதால்தான் மங்கல். வெளியீட்டையும் 1920×1080 ஆக்குங்கள். கால்க்கில் கன்ட்ரோலை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டி 150 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள், பாவம்.

பதில் 2:
முதல் 5 விநாடி பேசாமல் இருங்கள். ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்தும் மென்பொருள்) அந்த இடத்தை இரைச்சல் மாதிரியாகக் கொடுத்தால் இரைச்சலைக் குறைத்துவிடும். அப்புறம், எம்கேவியாகவே (MKV, பதிவு பாதியில் நின்றாலும் திறக்கும் வீடியோ கோப்பு வகை) பதியுங்கள், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே வழக்கமான எம்பி4 (MP4) கோப்பு ஆக்கலாம். நடுவில் கரண்ட் போய், 40 நிமிடம் எம்பி4-இல் பதிந்த என் பாடம் திறக்கவே இல்லை. அன்று அழுகையே வந்துவிட்டது.

கேட்டவர்:
எண்கள் பளிச்சென்று தெரிகின்றன! எம்கேவிக்கும் மாறிவிட்டேன். நன்றி.