புதுப்பிப்பு: தாழ்வாரத் தொட்டிகளில் எது தேறியது, எது போனது

காலை வெயில் மட்டும் விழும் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் சமையலுக்கான செடிகள் எவை வளரும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

கற்பூரவல்லி கவலையே தரவில்லை. குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். பஜ்ஜி போட்டுச் சலித்துவிட்டதால், இப்போது ரசத்தை இறக்கும்போது இரண்டு இலையைக் கிள்ளிப் போடுகிறேன். கொதிக்கவிட்டால் வாசம் ஓடிவிடும்.

வல்லாரைதான் எனக்குப் பிடித்தது. தேக்கா சந்தையில் வாங்கிய கீரைக்கட்டில் வேரோடு இருந்த கணுக்களை நட்டேன். அரை நிழலும் ஈரமும் போதும், படர்ந்துவிட்டது. தேங்காய், பச்சை மிளகாய், புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் கசப்பு தெரியாது. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (ஆன்ட்டி), சம்பல் பெலாச்சானோடு (மிளகாயும் இறால் விழுதும் சேர்த்து இடித்தது) பச்சையாகவே சாப்பிடுகிறார். சும்மா சொல்லக்கூடாது, அதுவும் அருமை.

கொத்தமல்லி போச்சு. இந்த வெக்கையில் தழைப்பதற்குள் பூத்துவிடுகிறது. கறிவேப்பிலையில் புழு வந்தால் பதறாதீர்கள். எலுமிச்சை குடும்பத்துச் செடி என்பதால் பட்டாம்பூச்சி முட்டையிடும். கையால் எடுத்தால் போதும்.

அப்புறம், பூங்காவில் மூக்கிரட்டைக் கீரை பறிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அனுமதியின்றிப் பறிப்பது குற்றம், பூச்சிமருந்தும் தெளித்திருக்கலாம். தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள், தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். அதில் கொசு பெருகினால் அபராதம்தான்.