கரிம வேதியியல்: என்பிடெல்லா, வகுப்பறையா?

கேள்வி: பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. கரிம வேதியியலை 12 வார என்பிடெல் (NPTEL, ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்) பாடமாக எடுக்கலாமா, வகுப்பிலேயே உட்காரலாமா?

பதில் 1: கருத்துப் பகுதிக்கு இணையவழி போதும். ஆனால் வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று காட்டும் வினைவழிமுறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்பு எலக்ட்ரான் இணையில் தொடங்க வேண்டும்; H⁺-இலிருந்து தொடங்கினால் தவறு. விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் அந்தத் தவறு வெளியே தெரியாது. வகுப்பில் ஆசிரியர் நோட்டைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். வீடியோவில் ஒவ்வொரு படிக்கும் முன் நிறுத்தி, அடுத்த அம்பைத் தாளில் நீங்களே வரைந்துவிட்டு ஓட விடுங்கள். ஒரு மணி நேரப் பாடத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பதில் 2: மதிப்பெண் கணக்கையும் பாருங்கள். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளுக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வில் 75-க்கு 30 மதிப்பெண்ணும் பயிற்சியில் 25-க்கு 10 மதிப்பெண்ணும் வாங்காவிட்டால் சான்றிதழ் இல்லை.

பதில் 3: ஆய்வகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து! அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் தரம்பார்த்தலில், நிறங்காட்டியான பினாப்தலீன் வெளிர் இளஞ்சிவப்பாகி 30 விநாடி நிற்பதுதான் முடிவுநிலை. அடர் நிறம் வந்துவிட்டால் காரம் கூடிப்போயிற்று, திரும்பச் செய்ய வேண்டும். குழாயை ஒரு சொட்டில் நிறுத்தும் பக்குவம் கைக்குத்தான் வரும், வீடியோவில் வராது.

பதில் 1: உண்மை. முப்பரிமாண வேதியியலுக்கு மூலக்கூறு மாதிரிப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள். R, S (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான அமைப்புகளின் பெயர்கள்) குழப்பம் திரையில் தீராது.