லோராவான் நோடுக்கு ஃபர்ம்வேர் காத்துல அனுப்பினா ஒண்ணுகூட ஏறல, அவசரம்

நோட்நாயகன்:
லோராவான்ல (குறைஞ்ச மின்சாரத்துல ரொம்ப தூரம் பேசுற ரேடியோ நெட்வொர்க்) 40 சென்சார் நோடு வெளியில மாட்டியாச்சு. ஃபுவோட்டா (ரேடியோ வழியா ஃபர்ம்வேர் அப்டேட்) போட்டேன். சர்வர் எல்லா ஃப்ராக்மென்டும் (ஃபர்ம்வேர் துண்டு) போயாச்சுங்குது, நோடு ஒவ்வொண்ணும் "வந்தது 0"ங்குது. மேஜைமேல வச்சு டெஸ்ட் பண்ணப்ப பக்காவா ஓடுச்சு. நாளைக்குள்ள முடிக்கணும், யாராவது சொல்லுங்க.

கேட்வேகாரன்:
எந்த பேண்ட்? எஸ்எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், கூட்டினா தூரம் போகும், வேகம் குறையும்) எவ்வளவு? இமேஜ் (ஃபர்ம்வேர் கோப்பு) சைஸ்? கிளாஸ் ஏ-வா (தான் அனுப்பினதும் கொஞ்ச நேரம் மட்டும் கேக்கும்) சி-யா (எப்பவும் கேக்கும்)? எதுவுமே சொல்லாம "ஏறல"ன்னா என்னத்தைச் சொல்ல?

பேட்டரிமாமா:
பேட்டரிதான். லித்தியம் தயோனைல் செல் மாசக்கணக்கா சும்மா கிடந்தா உள்ள படலம் கட்டிக்கும். கிளாஸ் சி-ல ரிசீவர் ஓயாம திறந்து கிடக்கும், வோல்டேஜ் படுத்துடும். ஒரு கெபாசிட்டர் போட்டுப் பாருங்க.

கேட்வேகாரன்:
40-ம் ஒரே நேரத்துல படுக்குமா மாமா? நோடு பதில் சொல்லுதே.

பேட்டரிமாமா:
ரீசெட் ஆகி மறுபடி ஜாயின் பண்ணியிருக்கும். அனுபவத்துல சொல்றேன்.

நோட்நாயகன்:
868 மெகாஹெர்ட்ஸ் பேண்ட். 869.525-ல எஸ்எஃப்12. இமேஜ் 96 கேபி, ஃப்ராக்மென்ட் 48 பைட். நோடு கிளாஸ் ஏ, அப்டேட் நேரத்துக்கு மட்டும் சி-க்கு மாறணும். மேஜையில இருந்தது எப்பவும் சி-லயே ஓடுற பில்டு. அது முக்கியமான்னு தெரியல.

மூத்தகுடி_ஆர்எஃப்:
அது முக்கியமான்னு கேக்கறீங்க பாருங்க. டிஎஸ்005 ஆவணத்தை (பல நோடுக்கு ஒரே நேரத்துல அனுப்புற செஷனுக்கான லோராவான் விதிமுறை) ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா? எஸ்எஃப்12-ல உங்க 48 பைட் துண்டு, தலைப்பு 3 பைட்டோட சேர்ந்து 51 பைட் பேலோடு, ஏறக்குறைய 2.8 விநாடி காத்துல இருக்கும். டியூட்டி சைக்கிள் (காத்துல பேச அனுமதிச்ச நேரப் பங்கு) 10 சதவீதம்னா ஃப்ராக்மென்டுக்கு 28 விநாடி. உங்களுக்கு 2048 ஃப்ராக்மென்ட், பாரிட்டியை (தொலைஞ்ச துண்டை மீட்க அனுப்புற உபரி) விட்டாலும் 16 மணி நேரம். எஸ்எஃப்9-ல 112 பைட் துண்டு போகும், ஒண்ணே முக்கால் மணிக்குள்ள முடியும். காலேஜ் பசங்க போடுற கணக்கு இது.

டெல்டாதம்பி:
முழு இமேஜ் எதுக்கு? டெல்டா பேட்ச் (மாறின பகுதி மட்டும்) அனுப்புங்க. சின்ன திருத்தம்னா சில கேபி-ல முடிஞ்சுடும்.

மூத்தகுடி_ஆர்எஃப்:
டெல்டா ஒட்டணும்னா நோட்ல பழைய இமேஜ் அச்சு அசலா அதுவேயா இருக்கணும் தம்பி. 40-ல ரெண்டுல வேற வெர்ஷன் இருந்தா?

டெல்டாதம்பி:
அதுக்குத்தானே ஒட்டறதுக்கு முன்னாடி ஹேஷ் (இமேஜோட கைரேகை மாதிரி எண்) பார்க்கறது? யாரு கண்ணை மூடிக்கிட்டு ஒட்டறா?

பேட்டரிமாமா:
எதை ஒட்டினாலும் ஃபிளாஷை அழிக்க கரண்ட் வேணும்.

கேட்வேகாரன்:
கேள்விக்கு வாங்கப்பா. நோட்நாயகன், கிளாஸ் சி செஷன் கட்டளைக்கு நோடு அனுப்புற பதில்ல, ஆரம்பிக்க இன்னும் எத்தனை விநாடின்னு ஒரு எண் வரும். என்ன போட்டிருக்கு?

நோட்நாயகன்:
13975494. நான் 10 நிமிஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கச் சொன்னேன்.

கேட்வேகாரன்:
மாட்டிக்கிச்சு. அது 161 நாள். அதுவும் 24 பிட்டுக்குள்ள வெட்டுப்பட்ட எண், உண்மையில பத்து வருஷம். யூனிக்ஸ் நேரத்தை (1970-ல இருந்து எண்ணுற விநாடி) அப்படியே கொடுத்திருக்கீங்க. செஷன் நேரம் ஜிபிஎஸ் கணக்கு, 1980 ஜனவரி 6-ல இருந்து எண்ணணும். 315964800-ஐக் கழிச்சுட்டு, லீப் விநாடிக்காக 18 கூட்டுங்க. பத்து வருஷம் கழிச்சுக் காதைத் திறந்தா போதும்னு உங்க நோடெல்லாம் சமர்த்தா தூங்குது.

நோட்நாயகன்:
(மறுநாள்) அதேதான், நன்றி. இப்ப ஏறுது. ஆனா எல்லாம் 1170 ஃப்ராக்மென்ட் வாக்குல வந்து நின்னுடுது. கவரேஜ் பிரச்சினையா?

மூத்தகுடி_ஆர்எஃப்:
16 மணி நேரம்னு நேத்தே சொன்னேன், யாரு கேட்டா? செஷன் டைம்அவுட் 4 பிட். அதிகபட்சம் 2-இன் அடுக்கு 15, அதாவது 32768 விநாடி. 28-ஆல வகுத்துப் பாருங்க.

பேட்டரிமாமா:
ஒன்பது மணி நேரம் ரிசீவரைத் திறந்து வச்சிருக்கீங்க. அந்த செல்லை ஒரு தடவை அளந்து பார்த்துட்டு வாங்க.

நோட்நாயகன்:
எஸ்எஃப்9-க்கு மாத்திட்டேன். 37 ஏறிடுச்சு. மீதி 3 பத்தி அப்புறம் எழுதறேன்.

டெல்டாதம்பி:
(மூணு வாரம் கழிச்சு) அந்த 3 என்னாச்சு?

பேட்டரிமாமா:
பேட்டரி.