டிசி காமிக்ஸில் ஜெனெட் கான்: எந்தப் பதவிக்கு எவ்வளவு அதிகாரம்?

நீலமை:
அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களின் உச்சப் பொறுப்பில் இருந்த பெண்களைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்துக்காகக் கட்டுரை ஒன்று தயாராகிறது. பப்ளிஷர், பிரசிடென்ட், எடிட்டர்-இன்-சீஃப் என்று பதவிப் பெயர்கள் மாறி மாறி வருவதால் யார் கையில் எது இருந்தது என்று பிடிபடவில்லை. டிசியின் ஜெனெட் கானிலிருந்து தொடங்கலாமா, அவருக்கு முன்பே யாராவது உண்டா? குறிப்பிட்ட ஓர் இதழ் வந்தபோது பொறுப்பில் இருந்தது யார் என்று எப்படிச் சரிபார்ப்பது?

பழைய அச்சு:
பதவிப் பெயரை விடுங்கள். விலை, பக்க எண்ணிக்கை, ஒப்பந்தம், ஓர் இதழை நிறுத்துவது ஆகிய நான்கையும் யார் முடிவு செய்தார் என்று பாருங்கள்.

கான் 1976-ல் 28 வயதில் டிசியின் பப்ளிஷர் ஆனார். அதுவரை அவர் நடத்தியவை சிறுவர் பத்திரிகைகள். 1978-ல் விலையை 35 சென்ட்டிலிருந்து 50 சென்ட்டாக ஏற்றி, கதைப் பக்கங்களை 17-லிருந்து 25 ஆக்கினார். புது வடிவம் எப்படி விற்கிறது என்று கணக்கு வருவதற்குள் தாய் நிறுவனமான வார்னர் குறுக்கிட்டது. அதற்கு முந்தைய குளிர்காலப் பனிப்புயல்களில் விநியோகம் முடங்கி, விற்பனை அடிவாங்கியிருந்தது. 20-க்கும் மேற்பட்ட தலைப்புகள் போயின, ஊழியர்கள் சிலருக்கும் வேலை போனது, மிஞ்சியவை 40 சென்ட்டுக்கு 17 பக்கம் என்று சுருங்கின. அச்சேறாமல் நின்ற கதைகளைப் பதிப்புரிமைக்காக 35 பிரதி மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தொகுத்தார்கள். பப்ளிஷரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை ராயல்டி திட்டம்தான். அதற்கு முன் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு சரி. 1981 கடைசியில் அறிவித்த திட்டப்படி, ஓர் இதழ் 1 லட்சம் பிரதிகளைத் தாண்டினால் மேற்கொண்டு விற்பதில் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பங்கு. மார்வெலும் சீக்கிரமே இதே வழிக்கு வந்தது. கட்டுரையில் பாதி இடத்தை இதற்கே ஒதுக்கினாலும் தகும்.

தாள்வாசம்:
கானிலிருந்து தொடங்கினால் ஹெலன் மேயர் விடுபட்டுவிடுவார். 1950-களில் டெல்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய காமிக்ஸ் வெளியீட்டாளர். 1954-ல் காமிக்ஸுக்கும் சிறுவர் குற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று விசாரித்த அமெரிக்க செனட் துணைக்குழு முன் டெல்லின் துணைத் தலைவராகச் சாட்சியம் சொன்னவர் மேயர். பிறகு தலைவரும் ஆனார். மற்ற நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த காமிக்ஸ் கோடு என்ற சுயதணிக்கை முறையில் டெல் சேரவே இல்லை. தன் சுத்தமான இதழ்களின் நற்பெயரில் மற்றவர்கள் ஒதுங்குவதற்கு இடம் தரக்கூடாது என்பதே காரணம்.

ஒன்றைக் கவனியுங்கள்: டெல் இதழ்களின் கதை, ஓவியம் எல்லாம் வெஸ்டர்ன் பிரிண்டிங் என்ற அச்சு நிறுவனத்தின் வேலை. முதலீடும் விநியோகமும் டெல்லுடையவை. எனவே மேயரை ஆசிரியர் என்று எழுதிவிடாதீர்கள். 1961-ல் டெல் 10 சென்ட்டிலிருந்து 15-க்குத் தாவியது. அந்த ஆண்டுக் கடைசியில் போட்டியாளர்கள் 12-ல் நின்றுகொண்டார்கள். கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒரு குழந்தைக்கு 3 சென்ட் பெரிய வித்தியாசம். 1962-ல் வெஸ்டர்னும் பிரிந்து போய் கோல்ட் கீ என்ற சொந்த காமிக்ஸ் வரிசையைத் தொடங்கியது.

இண்டிசியா:
சரிபார்க்கும் முறை:

முதல் பக்கத்தின் அடியிலோ உள்ளட்டையிலோ பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் படியுங்கள். ஆனால் அட்டையில் உள்ள மாதம், கடைக்கு வந்த மாதம் அல்ல. 1970-களில் இரண்டு மூன்று மாதம் முன்தள்ளியே போடுவார்கள். கதையை ஏற்பாடு செய்தது அதற்கும் முன்னால். கான் பிப்ரவரி 1976-ல் வந்தார் என்பதற்காக மே 1976 என்று அட்டையில் உள்ள இதழை அவர் கணக்கில் எழுதினால் தப்பு. அது அவருக்கு முன் பப்ளிஷராக இருந்த கார்மைன் இன்ஃபன்டினோ காலத்துச் சரக்கு.

இன்னும் நல்ல ஆதாரம், ஆண்டுக்கு ஒருமுறை அஞ்சல் துறைக்காக வெளியிடும் உரிமையாளர் அறிக்கை. பெரும்பாலும் வாசகர் கடிதப் பக்கத்தில் கட்டம் கட்டி இருக்கும். பப்ளிஷர், எடிட்டர், மேனேஜிங் எடிட்டர் மூவர் பெயரும் வரும். அதிலேயே விற்பனை எண்ணும் உண்டு: ஒரு பத்தி 12 மாதச் சராசரி, மற்றது ஒரே ஓர் இதழுக்கானது. அச்சடித்த எண்ணிக்கையை விற்பனை என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. விற்காத பிரதிகள் கடைகளிலிருந்து கட்டுக் கட்டாகத் திரும்பிய காலம் அது. ‘பணம் செலுத்திப் பெற்ற மொத்தம்’ என்ற வரியை மட்டும் எடுங்கள். பத்திரிகைகளுக்கான அஞ்சல் கட்டணச் சலுகை வாங்காத தலைப்புகளில் இந்த அறிக்கையைத் தேடிப் பயனில்லை.

நீலமை:
மிக்க நன்றி. கேரன் பெர்கர், டயான் நெல்சன், மரீ ஜாவின்ஸ் மூவரையும் கானுக்குப் பின் ஒரே வரிசையில் வைக்கலாமா?

பழைய அச்சு:
வேண்டாம். பெர்கர் ஆசிரியர், 1979-ல் டிசியில் சேர்ந்து 1993-ல் பெரியவர்களுக்கான கதைகளுக்கு வெர்டிகோ என்ற டிசியின் கிளைப் பிரிவைத் தொடங்கி 2013 வரை நடத்தினார். எந்த எழுத்தாளர், எந்தக் கதை என்பது அவர் கையில். அவர் பொறுப்பில் வந்த ஸ்வாம்ப் திங் என்ற திகில் தொடரின் 29-ஆம் இதழ் 1984-ல் கோடு முத்திரை இல்லாமலே கடைக்குப் போனது. அது ஆசிரியர் மட்டும் நினைத்தால் நடக்கிற காரியமில்லை, மேலே கான் இருந்தார். நெல்சன் 2009-ல் டிசி என்டர்டெய்ன்மென்ட்டின் தலைவர்: படம், டிவி, விளையாட்டு எல்லாம் சேர்ந்த பொறுப்பு. இதழ்களுக்கு 2010 முதல் 2020-ல் டிடியோ வெளியேறும் வரை ஜிம் லீ, டான் டிடியோ இருவரும் பப்ளிஷர்களாக இருந்தார்கள்.

ஜாவின்ஸ் 2020-ல் எடிட்டர்-இன்-சீஃப் ஆனார். ‘டிசியின் முதல் பெண் எடிட்டர்-இன்-சீஃப்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 1990-களின் டிசி இதழ் எதையாவது திறந்து பதிப்பு விவரத்தைப் பாருங்கள்: ஜெனெட் கான், பிரசிடென்ட் அண்ட் எடிட்டர்-இன்-சீஃப் என்றே இருக்கும்.