இறுதியாண்டுப் படக்கதையை அச்சு நூலாக்குவது எப்படி?

உப்பளத்துக்காரி:

அனைவருக்கும் வணக்கம். நான் இந்த ஆண்டு நுண்கலையில் இளங்கலைப் பட்டம் முடித்திருக்கிறேன். தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் காணாமற்போன ஆட்டுக்குட்டியைத் தேடி அலையும் சிறுமியின் கதையை நானே எழுதி, நானே நீர்வண்ணத்தில் வரைந்து, 38 பக்கப் படப்புத்தகமாக இறுதியாண்டில் சமர்ப்பித்தேன். கதை வரிகளையும் படத்துக்குள்ளேயே நீலத்திலும் வெள்ளையிலும் தூரிகையால் எழுதியிருக்கிறேன். தேர்வாளர்கள் மிகவும் பாராட்டினார்கள். ஆனால் அதன் நகலை அனுப்பிவைத்த ஒரு பதிப்பகத்திலிருந்து, படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆயினும் இது இன்னும் புத்தகமாகவில்லை என்று மட்டும் பதில் வந்தது.

கல்லூரியில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒன்று ஏன் புத்தகம் ஆகவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. மாணவப் பருவத்து வேலை அப்படியே நூலாக வெளிவந்ததுண்டா? எழுத்தை வேறொரு எழுத்தாளரிடம் ஒப்படைத்துவிட்டு நான் படத்தோடு நின்றுகொள்வது நல்லதா? ஐந்து முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்துத்தான் செய்தேன்.

பக்கவடிவம் (சிறார் நூல் வடிவமைப்பாளர்):

மாணவர் வேலை நூலானதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. பிரிட்டனில் மாக்மில்லன் பதிப்பகம் கலைக் கல்லூரி மாணவர்களுக்கென்றே படப்புத்தகப் பரிசு ஒன்றை நடத்திவருகிறது. பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த எமிலி கிராவெட், ஓநாய்களைப் பற்றித் தாமே எழுதி வரைந்த நூலுக்காக 2004இல் அந்தப் பரிசைப் பெற்றார். மறு ஆண்டு அதே பதிப்பகம் அதை வெளியிட்டது. அந்நாட்டு நூலகர்கள் அப்போது கேட் கிரீனவே பெயரில் வழங்கிவந்த பதக்கமும் அதற்குக் கிடைத்தது.

அந்த நூலில் நடப்பதைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு முயல் நூலகத்திலிருந்து ஓநாய்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டே நடக்கிறது. வரிகள், ஓநாய் எப்படி வாழும், எதைத் தின்னும் என்று பாடநூலைப் போல வறட்டுத் தகவல்களைச் சொல்லிக்கொண்டு போகின்றன. படத்திலோ அந்த ஓநாயே புத்தகத்தை விட்டு வெளியே வந்து முயலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது. அபாயம் என்று ஒரு வரியும் சொல்வதில்லை. குழந்தைதான் அதைக் கண்டுபிடித்துக் கத்துகிறது. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவராகவே இருந்ததால்தான் இப்படிச் சொற்களைப் பட்டினி போட முடிந்தது என்பது என் எண்ணம். எழுத்தாளர் ஒருவர் கொடுத்த கதையை வரையும் ஓவியர், படம் எவ்வளவுதான் சொல்லிவிட்டாலும், இன்னொருவருடைய வரியை அடிக்கத் தயங்குவார். உங்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆகவே எழுத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அதைக் குறையுங்கள்.

அச்சைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரிகளில் இதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. நடுவில் பின் அடிக்கும் நூலுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்; 38 வகுபடாது. நம் ஊர் அச்சகங்களில் 16 பக்கம் ஒரு ஃபாரம் (சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) என்பதால், ஒன்றரை ஃபாரமாகிய 24 பக்கமோ இரண்டு ஃபாரமாகிய 32 பக்கமோ உள்ள படப்புத்தகத்துக்குத்தான் தாள் வீணாகாமல் கணக்குச் சரியாக வரும். 32 பக்கத்தில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் ஆகியவற்றைக் கழித்தால் கதைக்குச் சுமார் 14 இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் கதையின் ஒவ்வொரு திருப்பமும் குழந்தை தாளைப் புரட்டும் இடத்தில் விழும்படி அமைப்பதுதான் இந்த வடிவத்தின் முதன்மையான வேலை. ஆட்டுக்குட்டி கிடைத்துவிட்டது என்பது வலப்பக்கத்திலேயே தெரிந்துவிட்டால், தாளைப் புரட்டக் காரணம் இல்லாமற்போகிறது.

அடுத்தது நீங்கள் படத்துக்குள் எழுதியிருக்கும் வரிகள். இந்தியாவில் படப்புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மொழியோடு நிற்பதில்லை. சென்னையிலிருந்து இயங்கும் தூலிகா பதிப்பகம் ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. வண்ண அச்சில் சயான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட்டுகள் (அச்சுத் தகடுகள்) உண்டு. எழுத்து முழுவதும் கருப்பில் மட்டும் இருந்தால், மற்ற மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, கருப்பு பிளேட்டை மட்டும் மாற்றி அடுத்த மொழியை அச்சிட்டுவிடலாம். நீலத்திலோ, படத்தைக் குடைந்து வெள்ளையிலோ எழுத்து இருந்தால் மொழிக்கு மொழி மற்ற பிளேட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கும். தூரிகை எழுத்தானால் படத்தையே திருத்த வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த ஒற்றை வரிப் பதிலை எழுதிய ஆசிரியர் இதைக் கண்டுதான் பெருமூச்சு விட்டிருப்பார்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

மேலே எழுதியவர் அச்சின் பக்கம் நின்று சொன்னார். நான் வகுப்பறையின் பக்கம் நின்று சொல்கிறேன். எங்கள் அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் வழியாக வந்த சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரிக்கப்பட்டவை. நுழை நிலையில் இருக்கும் பிள்ளை ஒரு பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் பார்த்தால் படத்துக்குத் தாவிவிடும், பிறகு எழுத்துக்குத் திரும்பாது. ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையே இருக்கும் தூரம் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு யாரோ வாசித்துக் காட்டுகிறார்கள், ஏழு வயதுப் பிள்ளை தானே எழுத்துக் கூட்டுகிறது. உங்கள் நூல் யாருடைய வாய்க்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வடிவமைப்புப் படித்தவர்கள் தாங்களே எழுதி வரைந்த நூல்களில் என் வகுப்பில் அதிகம் கசங்கிப்போனது ராஜீவ் ஐப் எழுதி வரைந்து பிரதம் புக்ஸ் வெளியிட்ட ஒன்று. கேரளத்து அம்மாச்சியும் சூரஜும் தேங்காய் பர்ஃபி செய்வதற்காகச் சின்னச் சின்ன இயந்திரங்களை அமைத்துக்கொள்கிறார்கள். அந்த நூலை வைத்து நான் அறிவியல் பாடம் எதையும் நடத்தவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கேலையும் பென்சில் பெட்டியையும் வைத்து ஒரு பையன் தானாக நெம்புகோல் செய்தான். பாடத்தைப் படம் பார்த்துக்கொண்டதால் எழுத்து கதையை மட்டும் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இன்னும் ஒரு படி மேலே போனவர் பிரியா குரியன். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த அவர், பாட்டி ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் படும் பாட்டைச் சொற்களே இல்லாமல் ஒரு முழு நூலாக வரைந்திருக்கிறார், தூலிகா வெளியீடு. உங்கள் கதையும் தேடலைப் பற்றியது என்பதால், எழுத்து அனைத்தையும் மறைத்துவிட்டு வகுப்பில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்களோ அங்கே மட்டும் வரி போதும். அப்படிக் காட்டும்போது உங்களுடைய உறவுக்காரப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டாம். அவர்கள் எதைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

பழைய புத்தகப்பையன்:

பட்டம், பட்டதாரி என்று இவ்வளவு பேசுவது எனக்குச் சற்று உறுத்துகிறது. உலகம் முழுவதும் பேசப்பட்ட சென்னைப் படப்புத்தகம் எதுவென்று கேட்டால், தாரா புக்ஸ் வெளியிட்ட கோண்டு மரங்கள் நூலைத்தான் பலரும் சொல்வார்கள். கருப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரின்ட் செய்யப்பட்ட அதற்கு 2008இல் இத்தாலியின் போலோனியா சிறார் நூல் கண்காட்சியின் விருது கிடைத்தது. வரைந்த பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரும் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவிய மரபிலிருந்து வந்தவர்கள்; கலைக் கல்லூரிப் பட்டம் எவருக்கும் தடையாகவும் இல்லை, துணையாகவும் இல்லை.

நம் சென்னைக் கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. அங்கே படித்த ஓவியர்கள் ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் தமிழ்ப் பத்திரிகைப் பக்கங்களின் தோற்றத்தையே மாற்றினார்கள். ஆனால் அவர்களுடைய கோடுகளைப் பெரியவர்களின் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் பக்கத்தில் பார்த்த அளவுக்குக் குழந்தைகள் நூல்களில் நான் பார்க்கவில்லை. அதற்குக் குறை சொல்ல வேண்டியது கல்லூரியை அல்ல. தமிழில் குழந்தை நூலுக்கு ஓவியரைக் கூப்பிட்டவர்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிப் பக்கம் நிரப்பச் சொன்னார்களே தவிர, புத்தகத்தையே அவர் கையில் கொடுத்ததில்லை.

பக்கவடிவம்:

ஐயா சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கோண்டு ஓவியர்களின் நூல்களுக்குப் பின்னால் பதிப்பாசிரியரும் வடிவமைப்பாளரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வேலை செய்திருக்கிறார்கள். தனியாக எழுதி வரையும் பட்டதாரிக்கு அந்த இரண்டு நாற்காலிகளும் காலியாக இருக்கின்றன. கல்லூரியிலிருந்து அவர் கொண்டுவரக்கூடியது, சகமாணவர்கள் முன்னிலையில் தன் வேலையை மாட்டிவைத்து, குறை சொல்லக் கேட்டு, கழற்றிக்கொண்டுபோய்த் திருத்திப் பழகிய பழக்கம்தான். இங்கிலாந்தில் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தின் கேம்பிரிட்ஜ் கலைப் பள்ளியில் சிறார் நூல் ஓவியத்துக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது (புகழ்பெற்ற அந்தக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வேறு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்). படத்தையும் சொல்லையும் சேர்த்து வரிசையாகச் சிந்திக்கும் பயிற்சி என்பதே ஒரு தனிப் படிப்பாக நிற்கக்கூடியது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கறுப்பங்கி (வழக்கறிஞர்):

யாரும் தொடாத ஒரு பக்கத்தைத் தொட்டுவிடுகிறேன். கல்லூரிக்காகச் செய்த வேலையின் காப்புரிமை பொதுவாக மாணவருடையதே. ஆயினும் சேர்க்கையின்போது கையெழுத்திட்ட தாள்களில் மாறாக ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுத்தும் படமும் இரண்டு தனித்தனிப் படைப்புகள்; இரண்டும் உங்களுடையவை என்பதால் ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் உரிமத்தொகை பேச வேண்டும். ஒரே தடவை ஒரு தொகை கொடுத்து முழு உரிமையையும் எழுதி வாங்கும் தாள் வந்தால் காலத்தையும் எல்லையையும் கட்டாயம் பாருங்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறு விதமாக எழுதப்படாதவரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை உங்களிடமே திரும்பிவிடும்.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஏற்றினால் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான கதைகள், படைத்தவர் பெயரைச் சொன்னால் போதும், எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம் என்ற திறந்த உரிமத்தில் இருக்கின்றன. உங்கள் கதை ஊர் ஊராகப் போய்ச் சேர இதைவிட நல்ல வழி குறைவு. ஆனால் கொடுத்த உரிமத்தைப் பிறகு திரும்பப் பெற முடியாது; எனவே பதிப்பகத்திடம் பேச்சு நடக்கும் நூலை அங்கே ஏற்றாதீர்கள்.

உப்பளத்துக்காரி:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி வரிகளைத் தாளால் மறைத்துவிட்டு, பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடம் காட்டினேன். உப்புக் குவியலுக்குப் பின்னால் குட்டியின் வால் தெரிவதை அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்த ஆறு வரிகளில் ஒன்றும் தேவைப்படவில்லை. வால் மட்டும் தெரியும் அந்தப் படத்தை வலப்பக்கத்துக்கு மாற்றி, 32 பக்கத்துக்குப் புதிதாக டம்மி (மாதிரி நூல்) கட்டத் தொடங்கியிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. தூரிகையால் எழுதிய வரிகளை நீக்குவதற்காக எல்லாப் படங்களையும் மறுபடி வரைய வேண்டுமா?

பக்கவடிவம்:

வேண்டாம். மூலப் படத்தில் சுரண்டவோ, மேலே வெள்ளை பூசவோ செய்யாதீர்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, வானமோ உப்புப் பாத்தியோ பின்னணியாக உள்ள பக்கங்களில் எழுத்தைக் கணினியிலேயே நீக்கிவிடலாம். சிறுமியின் முகத்துக்கு மேலோ ஆட்டுக்குட்டிக்கு மேலோ எழுத்து ஓடியிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி வரையுங்கள். எழுத்து வரப்போகும் இடம் வெளிர் நிறமாக இருக்கட்டும், நடுமடிப்பில் முகம் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பும்போது முழு வண்ணத்தில் இரண்டு இரட்டைப் பக்கங்களும், மற்றவை பென்சில் டம்மியாகவும் இருந்தால் போதும். மீதியை வரைவதற்கு முன்பே அவர்கள் திருத்தம் சொல்வார்கள்.