பிரையன் கிளஃப் காயம்பட்ட ஆட்டத்தின் அன்றைய செய்தி கிடைக்குமா?

இங்கிலாந்துக் கால்பந்து வீரராக இருந்து மேலாளரான பிரையன் கிளஃப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலாளராக அவர் செய்ததற்குத் தகவல் குவிந்து கிடக்கிறது: 1972-இல் டெர்பி கவுண்டிக்கு லீக் பட்டம், 44 நாளில் முடிந்த லீட்ஸ் வேலை, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் 1979, 1980 ஐரோப்பியக் கோப்பைகள். ஆனால் அவரது ஆட்ட வாழ்க்கையை முறித்த அந்த ஒரு நாளில்தான் கட்டுரை நகராமல் நிற்கிறது.

விவரம் இதுதான்: 1962 டிசம்பர் 26, ரோக்கர் பார்க் மைதானம், கிளஃப் ஆடிய சண்டர்லாந்து அணிக்கும் பரி (Bury) அணிக்கும் இடையே இரண்டாம் டிவிஷன் ஆட்டம். பரி கோல்கீப்பர் கிறிஸ் ஹார்க்கருடன் மோதியதில் கிளஃப்பின் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. வயது 27. 1964-இல் திரும்பி வந்து மூன்று லீக் ஆட்டம் ஆடினார், அதோடு சரி. 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்ட ஒருவர் அப்படி முடிந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. மறு வருடமே, 30 வயதில், ஹார்ட்லிபூல்ஸ் அணியின் மேலாளர்!

யூடியூபில் தேடிவிட்டேன், பிற்காலப் பேட்டிகள்தான் வருகின்றன. கட்டணம் கட்டிப் பார்க்கும் நாளிதழ்த் தொகுப்பு ஒன்றிலும் தேடினேன், அந்த வாரத்து உள்ளூர்ப் பக்கங்கள் அகப்படவில்லை. சண்டர்லாந்துப் பக்கத்து நூலகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. பின்னாளில் எழுதப்பட்ட நினைவுகள் வேண்டாம், மறுநாள் அச்சான வர்ணனைதான் வேண்டும்.

சண்டர்லாந்து, நியூகாசில் பக்கம் இருப்பவர்கள் யாராவது, 1962 டிசம்பர் 27, 28 தேதியிட்ட உள்ளூர் நாளிதழின் ஆட்டச் செய்தியை நூலக மைக்ரோஃபிலிமில் பார்த்துப் படமெடுத்து அனுப்ப முடியுமா?